எண் நம்முடையது, சிம் யார் பெயரில்?



உங்கள் வீட்டில் கைப்பேசி எந்த இடத்தில் நன்றாக எடுக்கும்? இந்தக் கேள்விக்கு ஒவ்வொரு வீட்டாரும் தயங்காமல் விடை சொல்வார்கள். சிலருக்குத் திண்ணை, சிலருக்கு மொட்டை மாடி. என் லாத்தாவின் வீட்டில் அது கிணற்றடியாக இருந்தது. மஃரிபுக்குப் பின் குவைத்திலிருந்து மகன் பேசுவான் என்பதற்காக, அறுபத்து மூன்று வயதில், முழங்கால் வலியோடு, செல்போனைக் கையில் ஏந்திக்கொண்டு கொல்லைப்புறம் செல்வது அவர்களின் அன்றாட வழக்கம். மழைக்காலத்தில் ஒரு கையில் குடையும் இருக்கும்.

இதை நாங்கள் எல்லோரும் வேடிக்கையாகவே எடுத்துக்கொண்டிருந்தோம். ஓர் இரவு திருச்சியில் இருக்கும் அவர்களின் மகளுக்கு, நாள் குறித்ததற்குப் பதினைந்து நாட்கள் முன்னதாகவே, பிரசவ வலி கண்டது. மருமகன் இரவு 2 மணியிலிருந்து மாமியாரின் எண்ணை அழைத்துக்கொண்டே இருந்திருக்கிறார். 'தொடர்பு எல்லைக்கு வெளியே' என்னும் ஒரே பதில். தலைமாட்டில் செல்போனை வைத்துப் படுத்திருந்த தாய்க்குச் செய்தி தெரிந்தது சுப்ஹுத் தொழுகைக்குப் பிறகு, அதுவும் பக்கத்து வீட்டார் வந்து சொல்லித்தான். அல்லாஹ்வின் கிருபையால் தாயும் சேயும் நலம். ஆனால் அன்று லாத்தா என்னிடம் சொன்ன சொல் இன்னும் என் காதில் இருக்கிறது: "தம்பி, புள்ள கூப்பிட்டா வராத போனு எனக்கு எதுக்கு?"

அந்த நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. நீங்கள் எந்த நிறுவனத்தின் வாடிக்கையாளராக இருந்தாலும் இதைப் போல ஒரு கதை உங்களிடமும் இருக்கக்கூடும்.

புகார் செய்தோம். தமிழுக்கு ஓர் எண்ணை அழுத்தி, ரீசார்ஜ் விவரத்துக்கு அழுத்தாமல் விட்டு, பாட்டுக்குரிய எண்ணைத் தவறி அழுத்தி மீண்டும் முதலிலிருந்து தொடங்கி, இறுதியில் மனிதக் குரல் ஒன்றை அடைந்தோம். குறை சொல்ல ஒன்றுமில்லை, மிகப் பணிவான குரல். மறுநாள், 'தங்கள் புகார் தீர்க்கப்பட்டது' என்று குறுஞ்செய்தி வந்தது. அந்தக் குறுஞ்செய்தியைப் படிப்பதற்கும் லாத்தா கிணற்றடிக்குத்தான் போக வேண்டியிருந்தது! இப்படி மூன்று முறை தீர்க்கப்பட்ட பின்னரே வேறு நிறுவனத்துக்கு மாறுவது என்று முடிவு செய்தோம்.

எண் மாறாமல் நிறுவனம் மாறலாம்

இந்த உரிமை நமக்கு நெடுநாளாக இருந்ததன்று. உலகில் முதன்முதலாக இவ்வசதியை 1997-இல் கொண்டு வந்தது சிங்கப்பூர். நம் நாட்டில் 2010 நவம்பர் 25 அன்று ஹரியானாவில் தொடங்கி, 2011 ஜனவரி 20 முதல் நாடு முழுவதற்கும் விரிந்தது. அப்போதும் ஒரு தொலைத்தொடர்பு வட்டத்துக்குள் மட்டுமே மாற முடியும். தமிழ்நாட்டு எண்ணோடு மும்பைக்கோ டில்லிக்கோ குடிபெயர்ந்தவர்கள் அந்த எண்ணை அங்குள்ள எண்ணாக ஆக்கிக்கொள்ளும் வழி 2015 ஜூலை 3 அன்றுதான் பிறந்தது.

அதற்கு முன்பெல்லாம் நிறுவனத்தைக் கைவிடுவதென்றால் எண்ணையும் கைவிட வேண்டும். எண் போனால் உறவு போனது போல! வாடிக்கையாளரைக் கட்டிப் போட இதைவிட வலுவான கயிறு வேறென்ன வேண்டும்?

மாறும் முறை எளிதுதான். ஆங்கில எழுத்துகளில் 'போர்ட்' என்று தட்டெழுதி, ஓர் இடைவெளி விட்டு, உங்கள் பத்து இலக்க எண்ணைச் சேர்த்து 1900 என்னும் எண்ணுக்குக் குறுஞ்செய்தி அனுப்ப வேண்டும். எட்டு எழுத்துகளும் இலக்கங்களும் கலந்த ஒரு குறியீடு பதிலாக வரும். அதை எடுத்துக்கொண்டு புதிய நிறுவனத்தின் கடைக்குச் சென்று, அடையாளச் சான்று காட்டி விண்ணப்பித்துப் புதிய சிம்மைப் பெற்றுக்கொள்ள வேண்டும். ஒரே வட்டத்துக்குள் என்றால் 3 வேலை நாட்கள், வேறு வட்டத்துக்கு என்றால் 5 வேலை நாட்கள். 2019 டிசம்பர் 16 அன்று நடைமுறைக்கு வந்த விதிகள் இவை. அதே ஆண்டில் இதற்கான கட்டணமும் 6 ரூபாய் 46 காசு என்று வரையறுக்கப்பட்டது. தொடக்கத்தில் அது 19 ரூபாய்.

அந்தக் குறியீடு நான்கு நாட்களுக்கே செல்லும் என்பதை மறந்துவிடாதீர்கள். வெள்ளிக்கிழமை பெற்றுக்கொண்டு, திருமண வீட்டு வேலைகளில் மூழ்கி, அடுத்த வியாழனன்று கடைக்குப் போனால் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

எல்லோருக்கும் குறியீடு கிடைத்துவிடுவதில்லை. இப்போதுள்ள நிறுவனத்தில் 90 நாட்கள் நிறைந்திருக்க வேண்டும். மாதக் கடைசியில் பில் கட்டும் போஸ்ட்பெய்டு எண்ணாக இருந்தால், வந்த பில்லுக்குரிய தொகையைக் கட்டியிருக்க வேண்டும். சிம் தொலைந்து புதிதாக வாங்கியிருந்தால் ஏழு நாட்கள் கழிய வேண்டும். இந்தக் கடைசி விதி 2024 ஜூலை 1 முதல் வந்தது. பிறருடைய எண்ணுக்குக் கள்ளத்தனமாக மாற்றுச் சிம் வாங்கி, உடனே வேறு நிறுவனத்துக்குக் கொண்டுபோய், வங்கிப் பணத்தைச் சுருட்டும் கூட்டத்தாரைத் தடுப்பதற்காகச் செய்யப்பட்ட ஏற்பாடு இது. பொறுத்துக்கொள்ளலாம்.

மாறிய பின் பழைய நிறுவனத்தில் எஞ்சியிருக்கும் ரீசார்ஜ் நாட்களும் தொகையும் நம்மோடு வரமாட்டா. எனவே 84 நாட்களுக்குப் பணம் கட்டிய மறுவாரமே கோபித்துக்கொண்டு கிளம்புவது நட்டம். அந்த 84 நாள் முடியும் தறுவாயில் கோபித்துக்கொள்வது நலம்!

பெயர் கண்ட தடை

லாத்தாவின் எண்ணுக்குக் குறியீடு வந்துவிட்டது. கடைத்தெருவில் குடை விரித்து அமர்ந்திருந்த இளைஞர் ஒருவர், விரல் ரேகைக் கருவியை எடுத்து வைத்துவிட்டு, "யார் பேர்ல இருக்குங்க ஹஜ்ரத்?" என்று கேட்டார். அப்போதுதான் எங்களுக்கே உறைத்தது. அந்தச் சிம்மை வாங்கியவர் என் மச்சான். அவர் மவுத்தாகி ஐந்தாண்டுகள் ஆகின்றன. சிம் இன்னும் அவர் பெயரில்தான் இருந்தது.

"அதெல்லாம் பாத்துக்கலாம், அம்மாவோட ரேகையை வச்சுடுங்க" என்றார் இளைஞர். அவர் நல்லெண்ணத்தோடுதான் சொன்னார். பலரும் அப்படிச் செய்துகொண்டிருக்கவும் கூடும். எனினும் நிறுவனத்தை மாற்றுவது வேறு, உரிமையாளரை மாற்றுவது வேறு. நிறுவனம் மாற்றும் சாக்கில் ஒருவர் எண்ணை மற்றொருவர் பெயருக்குக் கொண்டுபோக விதியில் இடமில்லை. நாளை ஏதேனும் வழக்கு வந்தால், எண் யாருடையது என்னும் கேள்விக்கு நம்மிடம் விடை இருக்க வேண்டாமா? மச்சானின் ஓய்வுத் தொகை வரும் வங்கிக் கணக்கும், எரிவாயு இணைப்பும், ரேஷன் அட்டையும், ஆதாரும் அந்த எண்ணில்தான் கட்டப்பட்டிருந்தன. குவைத்திலுள்ள மகன் முதல் கூத்தாநல்லூரிலுள்ள சம்பந்தி வரை அனைவருக்கும் மனப்பாடமான எண்ணும் அதுவே. அதில் விளையாடுவதற்கு எனக்குத் துணிவு வரவில்லை.

ஆகவே வெறுத்துவிட்டுக் கிளம்பிய அதே நிறுவனத்தின் வாசலுக்கு மீண்டும் போனோம். இறந்தவரின் எண்ணை இரத்த உறவினர் அல்லது வாரிசின் பெயருக்கு மாற்றித் தரும் முறை இருக்கிறது. இறப்புச் சான்றிதழ், உறவை மெய்ப்பிக்கும் ஆவணம், மற்ற வாரிசுகளின் ஒப்புதல் ஆகியவற்றைக் கேட்டார்கள். ஒரு மகன் குவைத்தில், ஒரு மகள் திருச்சியில். ஒப்புதல் கடிதங்கள் வந்து சேர்வதற்கே மூன்று வாரங்கள் ஓடின. முதல் தடவை போனபோது அதிகாரி விடுப்பு. இரண்டாம் தடவை சான்றிதழில் மச்சானின் பெயர் ஓரெழுத்து வேறுபட்டிருப்பதைக் காட்டினார்கள். 'முஹம்மது' என்னும் பெயரை எத்தனை விதமாக ஆங்கிலத்தில் எழுதலாம் என்பதை நம் சமுதாயத்தாருக்கு நான் விளக்க வேண்டியதில்லை! நான்காம் தடவை வேலை முடிந்தது.

வாசகர்களே, இந்த இடத்தில் சற்று நின்று உங்கள் வீட்டை நினைத்துப் பாருங்கள். தாயின் கையிலுள்ள சிம் யார் பெயரில் இருக்கிறது? வெளிநாடு சென்ற மகன் போகும்போது வாங்கிக் கொடுத்ததா? பத்தாண்டுகளுக்கு முன் கடைக்காரர் யாருடைய அடையாள அட்டையையோ வைத்துக் கொடுத்ததா? மத்திய அரசின் தொலைத்தொடர்புத் துறை 2023 மே மாதம் 'சஞ்சார் சாத்தி' என்னும் இணையத்தளத்தைத் தொடங்கியது. உங்கள் பெயரில் எத்தனை எண்கள் உள்ளன என்பதை அதில் கண்டுகொள்ளலாம். அறிமுகமில்லாத எண் ஏதேனும் இருந்தால் அங்கேயே தெரிவிக்கவும் செய்யலாம். உரியவர் உயிரோடு இருக்கும்போதே பெயரை மாற்றிக்கொண்டால் ஒரு மணி நேரத்து வேலையாக முடியக்கூடியது, அவர் மறைந்த பின் மாதக்கணக்கில் இழுக்கிறது.

சபுராளிகளின் எண்

பிழைப்புக்காகக் கடல் கடந்திருக்கும் நம் சகோதரர்களுக்கு வேறொரு தொல்லை உண்டு. ஊர் எண்ணைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டுப் போகிறார்கள். இரண்டாண்டுகள் கழித்து வந்து சிம்மைப் போட்டால் உயிரில்லை.

தொடர்ந்து 90 நாட்கள் எவ்விதப் பயன்பாடும் இல்லாத ப்ரீபெய்டு எண்ணை நிறுவனம் துண்டிக்கலாம் என்பது 2013-ஆம் ஆண்டின் விதி. கணக்கில் 20 ரூபாயோ அதற்கு மேலோ இருப்பு இருந்தால், அந்த 20 ரூபாயை எடுத்துக்கொண்டு மேலும் 30 நாட்கள் எண்ணை வைத்திருக்க வேண்டும் என்பதும் அதே விதியில் உள்ளது. இருப்பும் தீர்ந்து துண்டிக்கப்பட்டால் குறைந்தது 90 நாட்களுக்குப் பின் அதே எண் வேறொருவருக்கு விற்கப்படும். அதன் பின் உங்கள் வங்கி அனுப்பும் ஓ.டி.பி. யார் கைக்குப் போகும்? உங்கள் வாட்ஸ்அப் யார் கையில் திறக்கும்? சிந்தித்துப் பாருங்கள். எண்ணை வைத்திருக்க விரும்பினால் ரீசார்ஜுக்கு ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். விட்டுவிடுவதென்றால் வங்கியில் எண்ணை மாற்றிய பின் விடுங்கள். நிறுவனம் மாற்றும் எண்ணமிருந்தால் விடுமுறையில் ஊருக்கு வந்த முதல் வாரத்திலேயே செய்யுங்கள். விமானம் ஏறுவதற்கு இரண்டு நாட்களுக்கு முன் தொடங்கினால் புதிய சிம் உயிர் பெறுமுன் நீங்கள் துபையில் இருப்பீர்கள்.

மாறினால் மட்டும் போதுமா?

இந்தியாவின் முதல் கைப்பேசி உரையாடல் 1995 ஜூலை 31 அன்று நடந்தது. கல்கத்தாவிலிருந்து அன்றைய மேற்கு வங்க முதலமைச்சர் ஜோதி பாசு, டில்லியிலிருந்த மத்திய அமைச்சர் சுக்ராமுடன் பேசினார். நமக்கு வரும் அழைப்பை எடுத்தாலே பணம் என்றிருந்த அந்த ஆரம்ப காலத்தை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மிஸ்டு கால் என்னும் அரிய கலை அக்காலத்தில் செழித்தது. 2003 மே மாதத்தோடு அந்த உள்வரவுக் கட்டணம் ஒழிந்தது. பிறகு நிறுவனங்கள் பெருகின; ஒருவரோடொருவர் போட்டியிட்டு விலையைக் குறைத்தன. 2016 செப்டம்பரில் ஜியோ வந்தபின் அந்தப் போட்டியில் பலர் அழிந்தனர். வோடபோனும் ஐடியாவும் 2018 ஆகஸ்டில் ஒன்றாயின.

தமிழ்நாட்டில் 1999-இல் சேவையைத் தொடங்கிய ஏர்செல் 2018 பிப்ரவரியில் வீழ்ந்ததை யார் மறப்பர்? ஒரு நாள் விடிந்தபோது இலட்சக்கணக்கானோரின் செல்போன்கள் ஊமையாகிக் கிடந்தன. வேறு நிறுவனத்துக்கு மாறக் குறியீடு வேண்டும், குறியீடு பெறக் குறுஞ்செய்தி போக வேண்டும், குறுஞ்செய்தி போக அலைவரிசை வேண்டும், அலைவரிசைதான் இல்லையே! கடைகளின் முன் வரிசைகள் நீண்டன. பின்னர் டிராய் என்னும் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் தலையிட்டு, குறியீடு பெறும் வழியை எளிதாக்கி, அதன் காலத்தை ஏப்ரல் 15 வரை நீட்டித்தது.

இவ்வளவுக்கும் பிறகு எஞ்சிய பெரிய நிறுவனங்கள் மூன்று தனியாரும், அரசின் பி.எஸ்.என்.எல்.லும்தாம். மாறும் உரிமை இருக்கிறது. மாறுவதற்கான இடம் சுருங்கிவிட்டது. 2019 டிசம்பர், 2021 நவம்பர், 2024 ஜூலை ஆகிய மூன்று தடவைகளிலும் தனியார் நிறுவனங்கள் ஒன்றையடுத்து ஒன்றாகச் சில நாட்களுக்குள் விலையை உயர்த்தின. 2024-இல் ஒன்றின் 155 ரூபாய்த் திட்டம் 189 ஆயிற்று. மற்றொன்றின் 179 ரூபாய்த் திட்டம் 199 ஆயிற்று. மக்கள் பி.எஸ்.என்.எல். பக்கம் திரும்பினர். ஆனால் அதன் 4ஜி சேவை அப்போது பல ஊர்களுக்கு வந்திருக்கவில்லை.

மாதம் என்றால் 30 நாள் என்று நாம் படித்தோம். இவர்களுக்கு மாதம் 28 நாள். ஆண்டுக்கு 12 மாதங்கள், ரீசார்ஜ் மட்டும் 13! இதைக் கண்ட டிராய், 30 நாள் திட்டம் ஒன்றும், மாதந்தோறும் அதே தேதியில் புதுப்பிக்கும் திட்டம் ஒன்றும் கட்டாயம் இருக்க வேண்டுமென 2022 ஜனவரியில் ஆணையிட்டது. இணையமே தொடாத முதியவர்கள் எதற்காக இணையத்துக்கும் சேர்த்துப் பணம் தர வேண்டும் என்னும் நியாயமான கேள்விக்கும் 2024 டிசம்பரில் விடை வந்தது. பேச்சுக்கும் குறுஞ்செய்திக்கும் மட்டுமான திட்டங்களை நிறுவனங்கள் தந்தாக வேண்டும் என்றது டிராய். அவை 2025 ஜனவரியில் வெளிவந்தன. ஆனால் இந்தத் திட்டங்களைக் கடைக்காரர் தாமாக எடுத்துச் சொல்வதில்லை. நாம்தான் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். உம்மாவின் பொத்தான் செல்போனுக்கு நாள்தோறும் ஒன்றரை ஜிபி எதற்கு?

அழைப்பு இடையில் அறுந்தால் ஒரு ரூபாய் இழப்பீடு என்றொரு விதியை டிராய் 2015-இல் செய்தது. நிறுவனங்கள் வழக்காடின. 2016 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் அவ்விதியை நீக்கிவிட்டது. அந்த ஒரு ரூபாய் இருந்திருந்தால் லாத்தா இந்நேரம் செல்வந்தராகியிருப்பார்கள்.

புகாரை எங்கே கொண்டுபோவது? முதலில் நிறுவனத்தின் 198 என்னும் எண். அங்கே புகாருக்கு ஓர் அடையாள எண் தருவார்கள். அதைக் குறித்துக்கொள்ளாமல் இணைப்பைத் துண்டிக்காதீர்கள். தீர்வில் நிறைவில்லையென்றால் 30 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம், அதற்குக் கட்டணமில்லை, 39 நாட்களுக்குள் அவர்கள் முடிவு சொல்ல வேண்டும். அந்த மேல்முறையீட்டு அமைப்பும் நிறுவனத்துக்குள்ளேயே இருக்கிறது என்பதுதான் விந்தை! அதற்கும் மேலே நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. தொலைபேசி நிறுவனங்கள் மீது நுகர்வோர் மன்றத்தில் வழக்கிட முடியாது என்ற வாதத்தை 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் ஏற்க மறுத்துவிட்டது. வழக்குக்கு முன் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-ஐ அழைத்துப் பார்ப்பதும் பலன் தரலாம்.

மாறுவதற்கு முன் நாங்கள் செய்த ஒரு காரியம் எல்லாவற்றையும்விடப் பயன் தந்தது. வெவ்வேறு நிறுவனத்துச் சிம் வைத்திருக்கும் பிள்ளைகள் மூவரை ஒரு வெள்ளிக்கிழமை பகல் உணவுக்கு லாத்தா வீட்டுக்கு அழைத்தோம். அடுப்படி, படுக்கையறை, தாழ்வாரம் என ஒவ்வொரு மூலையிலும் நின்று பேசிப் பார்க்கச் செய்தோம். நிறுவனங்கள் தம் சேவைப் பரப்பைக் காட்டும் வரைபடங்களை இணையத்தில் வெளியிட வேண்டும் என்று 2024-ஆம் ஆண்டு விதி சொல்கிறது. ஆனால் எந்த வரைபடத்துக்கும் லாத்தா வீட்டின் பழைய காரைச் சுவர்களின் கனம் தெரியாது. ஒரு நிறுவனம் அடுப்படியில் எடுத்தது. மாடி அறையில் எடுக்கவில்லை. லாத்தா மாடி ஏறுவதில்லை. ஆக, அதையே தேர்ந்தெடுத்தோம்.

பெயர் மாறிய பின் புதிய குறியீடு பெற்று விண்ணப்பித்தோம். விண்ணப்பித்த மூன்றாம் நாள் இரவு பழைய சிம் அடங்கியது. அந்தச் சில மணி நேரம் லாத்தாவுக்கு உறக்கமில்லை. "நம்பர் போயிருமோ தம்பி?" என்று என் வீட்டுக்கு ஆள் அனுப்பிக் கேட்டார்கள். காலையில் புதிய சிம்மைப் போட்டேன். இரு நிமிடங்களில் கோடுகள் தெரிந்தன.

அன்று மாலை மகன் அழைத்தபோது லாத்தா அடுப்படியில் கஞ்சி கிண்டிக்கொண்டிருந்தார்கள். மணி ஒலித்ததும், பழக்க தோஷத்தால் செல்போனை எடுத்துக்கொண்டு கிணற்றடி வரை போய்விட்டுத்தான் பேசத் தொடங்கினார்கள்.